ஒரு குறையும் இல்லை

கறுப்புப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்தாக வேண்டும் என்று கோர்ட் உத்தரவு போட்டதுதான் தாமதம். தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்த மிசிசிப்பி வெள்ளைக்காரர்கள், அதே மாதத்தில் தங்களுக்கென்று ஒரு தனியார் பள்ளியைத் திறந்துவிட்டார்கள்.

முதல் நாள் மகளைக் கொண்டுவந்து விட்ட வெல்மா, வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதென்ன ஸ்கூலா, மாட்டுக்கொட்டகையா? கூரை வழியா வானம் தெரியுது. கக்கூஸ் எங்கயோ வெளியில கெடக்கு. குளிருக்கு வச்ச அடுப்புல ஒரே புகை!"

பள்ளியை நடத்தும் கிழவர் ஹோய்ட் சுருட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. "அவசரத்துக்கு, காலியாக் கெடந்ததுல மலிவா இதான்மா கெடச்சுது."

"மனுஷனாப் பொறந்தவன் இதுல பிள்ளைய விடுவானா?"

"ஏம்மா, 'கறுப்புப் பிள்ளைங்க ஸ்கூல் நம்ம ஸ்கூல் மாதிரியேதான் இருக்கு, ஒரு குறையும் இல்ல'ன்னு கோர்ட்டுல பைபிள் மேல கை வச்சு சாட்சி சொன்னது நீதான?"

"ஆமா, சொன்னேன். அதுக்கு இப்ப என்ன? அந்த ஸ்கூல யாரு போய்ப் பாத்தா!"

ஹோய்ட் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவிட்டார்.

"இப்பப் பாத்துக்கோ. இதான் அது."