பலாமர நிழல்

இந்த வருசம் போடிமெட்டில் மூடுபனியே இல்லை. காய்ச்சல் சோதனைக்காக எல்லையில் போட்ட தகரக் கொட்டகை கிழக்கே வாயைப் பிளந்து நிற்க, வரிசையில் நிற்கும் தோட்டத்துப் பெண்களின் முகத்தில் காலை வெயில் அறைகிறது. மலையாள நர்ஸ் நீட்டிய காய்ச்சல் கருவி குருவம்மாளின் நெற்றியருகே கீச்சிடுகிறது. "சூடுண்டு சேச்சி, கொஞ்சம் மாறி இருங்க." "வெயில்ல நின்ன சூடும்மா" என்கிறாள். யார் கேட்கிறார்கள்? அடுத்து நின்ற மகாராணி, இந்த வெயிலிலும் சேலையை இழுத்துப் போர்த்தியபடி, நெற்றியில் கட்டியிருந்த ஈரத்துண்டை அவிழ்த்துக் காட்டுகிறாள்; கருவி கீச்சிடவில்லை, ஜீப்பில் ஏறிக்கொள்கிறாள். குருவம்மாளுக்கு வயிறு எரிகிறது. கோடையில் ஏலச்செடியெல்லாம் கருகி, பலாமர நிழலில் இருக்கும் ஒரு நிரையில்தான் நிறையக் காய் நிற்கிறது. முதலில் போகிறவளுக்குத்தான் அந்த நிரை. நேற்று வரை அது குருவம்மாளுடையது.

ஜீப் மெல்ல நகர்கிறது. மகாராணி துண்டைச் சுருட்டி எறிகிறாள். "நெத்தியில போட்டுக்கிட்டு அடுத்த ஜீப்புல வெரசா வாடி!" ஓரமாக உட்கார்ந்திருந்த குருவம்மாள் மடியில் விழுந்த துண்டை எடுக்கிறாள். நனைந்துதான் இருக்கிறது, ஆனால் உலையில் முக்கி எடுத்ததுபோல் சுடுகிறது. மகாராணிக்குத்தான் காய்ச்சல். பாவம் என்று ஒரு கணம் தோன்றுகிறது. மறுகணம் அந்தப் பலாமர நிழல் கண்ணில் வந்து நிற்கிறது. "நர்ஸம்மா, அந்த ஜீப்ப நிறுத்துங்க!"