பட்டன் மேல் ஒரு புஸ்வாணம்

தீபாவளி வாழ்த்துக்காக கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் எங்கள் செயலியில் நான் வரைந்து போட்ட புஸ்வாணம், ‘பணம் எடு’ என்ற பட்டன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. படம் நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் யாராலும் பணம் எடுக்க முடியாமல், கம்பெனி ஓடிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு; காலையில் அலுவலக வாசல் முழுக்க ஆட்கள்.

பட்டனை ஒரு நிமிடத்தில் மீட்டேன். யாரும் நம்பவில்லை. நிறுவனர் ஜெசிந்தா மேடம் நினைத்திருந்தால் பின்வாசல் வழியாகப் போயிருக்கலாம். இந்தத் தொழிலில் அப்படிப் போன பெரிய மனிதர்கள் உண்டு. அவரோ கேன்டீன் மேஜையை வாசலில் போட்டு உட்கார்ந்தார். ஒரு காலத்தில் வங்கி கவுண்டரில் இருந்தவர். ஒவ்வொருவர் போனையும் வாங்கி, பணம் அவரவர் கணக்கில் விழும்வரை கூடவே பார்த்தார்.

“பட்டனை மறைச்ச ஆளு யாரும்மா?” என்றார் ஒரு பெரியவர்.

“என் கம்பெனிங்க ஐயா. நான்தான்.”

“நீயும் ஓடிடுவியா?”

“மூட்டு வலி. ஓட முடியாதுங்க.”

வரிசை சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எனக்கு வேலை இருக்கிறதா என்று எச்.ஆரைக் கேட்டிருந்தேன், “முதல்ல சாப்பிடுங்க” என்றார். மேனேஜரைக் கேட்டால் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில், தண்ணீர் கொடுக்கும் சாக்கில் மேடத்திடமே கேட்டுவிட்டேன்.

அவர் கையிலிருந்த போனைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

“உன் வேலை இருக்குப்பா. கம்பெனி இருக்குமான்னு இவங்கதான் சொல்லணும். நீ அந்தப் பக்கம் இன்னொரு மேஜை போடு.”