ராக்கெட்டின் பின்னங்கால்கள்

"இன்னாமா, நாய்க்குப் பல்லக்கா?"

கேட்டைத் தாண்டியதுமே பக்கத்து வீட்டு கஜபதி ஆரம்பித்துவிட்டார்.

ஜாஸ்லின் பழைய துப்பட்டாவை ராக்கெட்டின் வயிற்றுக்கடியில் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். முன்னங்கால்கள் மிடுக்காகப் போயின. பின்னங்கால்கள் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்தவைபோல் கூடவே வந்தன.

"சுகர் அங்கிள். பின்கால்ல சதையெல்லாம் கரைஞ்சுபோச்சு. கொஞ்சம் கொஞ்சமா நடக்க வைக்கணும்."

"நாய்க்கு சுகரா? ஆபீஸ் போயி டென்சன் ஆவுதா? ஊசி குத்திக் குத்தி நீதான் அத்த முடமாக்கிக்கினுகீற!"

திருவேற்காட்டில் அந்தத் தெருவே சிரித்தது.

வாசலில் ராக்கெட்டை மல்லாத்திப் போட்டு, சைக்கிள் மிதிப்பதுபோல் அதன் கால்களை ஜாஸ்லின் மடக்கி நீட்டினாலும் கஜபதி விடமாட்டார்.

"லைசென்ஸ் எடுத்தாச்சா?"

கால்நடை மருத்துவர்தான் குழம்பிப்போனார்.

"ஊசி சரி, சாப்பாடு சரி. சனிக்கிழமையானா மட்டும் சுகர் எகிறுதே? யாரோ எதையோ போடுறாங்கம்மா. இப்படியே போனா இது எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

யாரென்று ஜாஸ்லினுக்குச் சந்தேகமே இல்லை. குரைத்தால் செருப்பை எறிகிறவர். 'ஒருநாள் விஷம் வெக்கிறேன் பாரு' என்று தெருவறியச் சொன்னவர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டத்துக்குப் போவதுபோல் கிளம்பி, பின்பக்கமாக வந்து தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கையில் போன், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

காம்பவுண்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை எழும்பியது. ஒரு கை நீண்டது. கையில் தொன்னை.

"அங்கிள்! என்ன அது?"

"ஐயோ, கத்தாதம்மா! எங்கூட்டுக்காரி காதுல உழுந்தா மானம் பூடும்!"

தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். நெய்யில் மிதந்தது முந்திரி.

"அம்மன் கோயில் பிரசாதம்மா. இதுக்குக் கால் வந்துடணும்னு வாராவாரம் வேண்டிக்கினு வாங்கியாறேன்."

"முழுக்க வெல்லம் அங்கிள்! இதைத் தின்னுதான் அதுக்குக் காலே போச்சு! நீங்க சாப்பிட வேண்டியதுதானே?"

கஜபதிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அம்மன் மேல ஆணையா ஒரு பருக்கை தொட்டதில்லமா! எனக்கு சுகரு, இனிப்பு ஆவாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. மொத்தமும் உன் நாய்க்குத்தான் போட்டேன்!"