மூச்சு வாங்கினா அவுட்

"அதோ பாடிப் போறான் பாருங்க சார், அரசு. எம் புள்ள" என்றாள் செல்லாயி, மைதானத்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

நடனசபாபதி எட்டிப் பார்த்தார். சிதம்பரத்திலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு ஆபீஸ் வேலையாக வந்தவர், கபடி என்றதும் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டார். பக்கத்தில் நின்ற இந்த மீன்காரம்மாவுக்கோ வாய் ஓயவில்லை.

"சுனாமிக்கப்புறம் எங்க குப்பத்துல புள்ளைங்களுக்குன்னு விளையாட்டு மையம் தொறந்தாங்க சார். அதுக்கு முன்னாடி எங்க வூட்டுல ஒண்ணு ஊர்வம்பை வெலைக்கு வாங்கும், இன்னொண்ணு நாலு பேரைக் கண்டா வாயே தொறக்காது. இப்ப ரெண்டும் தலை நிமிந்துடுச்சுங்க. ஆடுறதுலேர்ந்து விசில் ஊதுற வரைக்கும் எல்லாம் புள்ளைங்களே பாத்துக்குதுங்க."

குப்பத்து அணியும் அண்ணாகிராமம் அணியும் சமமாக நின்றன. இதுதான் கடைசிப் பாட்டு. அரசு ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை.

"ஜெயிச்சா மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். தூக்கத்துலகூட கபடி கபடின்னுதான் பொலம்புறான்."

அரசு பாய்ந்து ஒருவனைத் தொட்டான். மூன்று பேர் காலைக் கவ்விப் பிடித்தார்கள். உதறிக்கொண்டு, பாடியபடியே வந்து நடுக்கோட்டில் விழுந்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது.

விசில் ஒலித்தது. தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக நின்ற நடுவர் கையை உயர்த்தினார். கோட்டைத் தொடுமுன் அரசு மூச்சு வாங்கிவிட்டான், அவுட். கோப்பை அண்ணாகிராமத்துக்கு.

நடனசபாபதிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என்னம்மா அநியாயம் இது? இவ்ளோ சத்தத்துல மூச்சு வாங்குனது எப்படிக் கேட்டுச்சாம்? சும்மா வுடாதீங்க, போய்க் கேளுங்க."

அதற்குள் குப்பத்துப் பையன்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு சண்டைக்கு நின்றார்கள். நடுவர் ஓர் அடிகூட நகரவில்லை. கடைசியில் அரசுதான் எழுந்து வந்து அவர்களை விலக்கினான்.

"வாங்குனேன்டா. வுடுங்க" என்றவன், நடுவரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

செல்லாயிக்குக் கண் கலங்கியது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"புள்ள தோத்துட்டு நிக்கிறான், நீங்க சிரிக்கிறீங்களேம்மா?" என்றார் நடனசபாபதி.

"பெருமையா இருக்கு சார்" என்றாள் செல்லாயி. "கூடப் பொறந்த அண்ணனாச்சேன்னு பாக்காம ஊதிட்டா பாருங்க, எம் பொண்ணு."