எண்பத்தொன்பது சதவீதம்

“எண்பத்தொன்பது சதவீதம் வேற ஒருத்தர் எழுதினதுன்னு வருதுக்கா. இதை வச்சுக்கிட்டு உங்க விண்ணப்பத்தை நான் வாங்க முடியாது” என்றாள் பட்டமளிப்புப் பிரிவில் இருந்த பெண்.

கனிஷாய்க்கு முதலில் புரியவில்லை. முதுகலைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க எட்டுச் சான்றுகள் வேண்டும். தான் பாடம் நடத்தும் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு, நூலகம், துறை அலுவலகம், மருத்துவ அறை என்று நான்கு நாளாக பிஷ்கெக் நகர வெயிலில் அலைந்து ஏழு சான்றுகளை வாங்கிவிட்டாள். எட்டாவது, ஆய்வேடு சொந்தமாக எழுதியதுதான் என்று கணினி சோதித்துத் தரும் சான்று. அதைப் பற்றி அவள் கவலையே படவில்லை. தலாஸ் பள்ளத்தாக்கில் பீன்ஸ் வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் எப்படிப் பங்கு பிரிகிறது என்று மூன்று கோடை விடுமுறைகள் ஊர் ஊராக நடந்து எழுதியது அது.

யார் எழுதியதாக வருகிறது என்று கேட்டாள். ஓஷ் நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஜனவரியில் ஒருவன் இதையே கொடுத்துப் பட்டமும் வாங்கிவிட்டான் என்றாள் அந்தப் பெண். அவன் பெயரைக் கனிஷாய் கேள்விப்பட்டதே இல்லை.

“இன்னைக்குதான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள உங்க வழிகாட்டிகிட்ட விளக்கம் எழுதி வாங்கிட்டு வாங்க, விசாரணைக் குழுவுக்கு அனுப்பறேன். இல்லைன்னா திருட்டுன்னு பதிவாயிரும்க்கா. அப்புறம் இங்க மறுபடி சேரவும் முடியாது.”

கனிஷாய் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லை. பாப்ளர் மரப் பஞ்சு பறந்து வந்து தலையிலும் மடியிலும் ஒட்டியது. தட்டிவிடத் தோன்றவில்லை.

இந்த ஆய்வேடு இரண்டே பேர் கையில்தான் இருந்தது. ஒருவர், அவளுடைய கிறுக்கலைப் பொறுமையாகப் படித்துக் கணினியில் அடித்துத் தந்த கணவன் எர்கின். இன்னொருவர், அக்டோபரில் முழுப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்த வழிகாட்டி ரக்கியா மேடம். யாரென்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மூன்றாவது மாடி அறையில் ரக்கியா மேடம் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

“எவ்வளவுக்கு வித்தீங்க மேடம்?” என்று கேட்டாள் கனிஷாய். வாசலிலேயே நின்றாள்.

அவர் கோபப்படவில்லை. அவள் நீட்டிய சோதனைத் தாளை வாங்கி, தடித்த கண்ணாடிக்கு அருகில் வைத்து இரண்டு முறை படித்தார். தான் யாருக்கும் தரவில்லை என்றார். ஆனால் இந்த அறையிலிருந்து போகவில்லை என்று தன்னால் சத்தியம் பண்ணவும் முடியாது, கண் அறுவை சிகிச்சைக்காக நவம்பர் முழுக்க வரவில்லை, மேஜைக்குப் பூட்டும் கிடையாது, யார் யாரோ வந்து போயிருப்பார்கள் என்றார். கனிஷாய் அதை நம்பவில்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

“நான்தான் வித்தேன்னு சொல்லியிருந்தா உனக்கு நிம்மதியா இருந்திருக்கும், இல்ல?” என்று அவர் லேசாகச் சிரித்தார். “சரி, உட்காரு. எழுதித் தரேன்.”

நிதானமாக எழுதினார். ஆய்வேடு முழுவதும் கனிஷாயின் உழைப்பு. வயல்வெளிக் குறிப்பேடுகளைத் தாமே பார்த்ததுண்டு. பிரதி வெளியே போனது தமது கவனக்குறைவால். முழுப் பொறுப்பும் தம்முடையது. கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் குறித்தார்.

படித்தபோது கனிஷாய்க்கே ஒரு மாதிரியாக இருந்தது.

“இப்படி எழுதினா உங்களைச் சும்மா விடுவாங்களா?”

“விட மாட்டாங்க. அடுத்த வருஷம் வகுப்பு தர மாட்டாங்க. எனக்கும் மூணு மாடி ஏறி இறங்க முடியல. நீ கிளம்பு, மூடிடப் போறாங்க.”

கனிஷாய் நன்றி சொல்லவில்லை. மடியில் கனம் இல்லாதவர் யாராவது இவ்வளவு சுலபமாக எழுதிக் கொடுப்பாரா என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள். ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கடிதத்தைக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை விண்ணப்பத்தோடு இணைத்து முத்திரை குத்தினாள். ரக்கியா மேடத்தைக் குழு விசாரணைக்குக் கூப்பிடும், உங்களுக்குப் பட்டம் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது எர்கின் ஓட்டும் மினிபஸ் வாசலில் நின்றது. சீக்கிரமே வந்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுப்பில் ஏற்றியிருந்தான். கனிஷாய் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் அப்படியே சாய்ந்தாள். படுத்தபடியே நடந்ததையெல்லாம் சொன்னாள். ரக்கியா மேடத்தை அவன் நாலு வார்த்தை திட்டுவான், கேட்டால் மனசு ஆறும் என்று காத்திருந்தாள்.

அவன் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அடுப்பை அணைத்தான்.

“தன்னோட தப்புன்னே எழுதினாங்களா?”

“ஆமா.”

“அதைக் குடுத்துட்டியா?”

“குடுத்து, முத்திரையும் வச்சாச்சு. ஏங்க?”

எர்கின் வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“டிசம்பர்ல நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப பல்கலைக்கழகத்துலேர்ந்து ஒரு கடுதாசி வந்துச்சு. பத்து நாள்ல பணம் கட்டலைன்னா உன் பேரை எடுத்துருவோம்னு. உன்கிட்ட நான் காட்டல” என்றான். “வண்டி முதலாளியோடது, வீடு வாடகை. நம்மகிட்ட விக்கறதுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், கனிஷாய்.”