மாப்பிள்ளையின் சிம்மாசனம்

"படகுக்கு ஒரு கக்கூஸ் வாங்கணும் மாமா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனாருக்குப் புரை ஏறியது. தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார்.

"எதுக்கு மாப்பிள்ளை? நம்ம படகே ஒரு கட்டில் நீளம். சுத்தி அவ்வளவு பெரிய கடல் கிடக்கு, போதாதா?"

"எனக்கு அடிக்கடி வருது மாமா. அடக்க முடியல."

மாமனாரின் மகள் கரண்டியை 'டங்'கென்று வைத்தாள்.

"சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா இது?"

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் மாமனார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் மாப்பிள்ளை. இருவருமாகச் சேர்ந்து வாங்கிய சின்னப் பாய்மரப் படகு அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால், வயிறு பசித்தால்தான் இருவருக்கும் கரை ஞாபகம் வரும்.

கடையில் விற்பனைப் பெண் வரிசையாகக் காட்டினாள்.

"இது வெறும் வாளி, மேல மூடி. இது கொஞ்சம் குள்ளம். இது ரெண்டு அடுக்கு சார். மேல தண்ணி, கீழ டேங்க். படகு எவ்வளவு சாஞ்சாலும் ஒழுகாது. கரைக்கு வந்ததும் கீழ்ப்பாதியை மட்டும் கழட்டிக் கொண்டுபோய்க் கொட்டிடலாம்."

"மாமா, நீங்க கொஞ்சம் உக்காந்து பாருங்களேன்."

"வியாதி உங்களுக்கு, சோதனை எனக்கா?"

"எனக்கு முட்டி பிடிச்சிருக்கு மாமா."

மாமனார் கடை நடுவில், கைகளைக் கட்டிக்கொண்டு, தீர்ப்பு சொல்லப்போகிற நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். அந்தப் பக்கமாக வந்த ஒரு அம்மாள் திகைத்து நின்றுவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா, ஒத்திகைதான்" என்றார் மாமனார்.

குள்ளமானதில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. விற்பனைப் பெண் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். மாப்பிள்ளை உயரமானதையே வாங்கினார்.

அதை எங்கே வைப்பது என்பதில் அடுத்த யுத்தம். முன்பக்கப் படுக்கைக்கு அடியில் தள்ளினால் மூடி இடித்தது.

"முன்னாடி வேணவே வேணாம்" என்றார் மாமனார். "அலையில படகோட மூக்குதான் ஜாஸ்தி குதிக்கும். உக்காந்தவர் கூரையில முட்டிக்கிட்டுத்தான் இறங்குவார். நடுவுல, உள்ள இறங்கற ஏணிக்குக் கீழ வைங்க. அங்கதான் ஆட்டம் கம்மி."

ஏணிக்குக் கீழே இருந்த தூண்டில் சாமான்கள் வீட்டுக்குத் திரும்பின. தரையில் நான்கு வளையங்கள் அடித்து, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். மறைப்புக்குத் திரை தைத்துத் தரும் வேலை மகள் தலையில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தைத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு, சாப்பாட்டுப் பையைக் கொடுக்கப் படகுத்துறைக்குப் போனவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்துப் படகுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு வைத்து, அப்பா திரையை விலக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, எங்க மாப்பிள்ளையோட சிம்மாசனம்! கடலே பத்தாத மகாராஜா!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவளுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

மறுநாள் கணவன் கடையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். கிளம்புங்க. ஊரே சிரிக்குது, உங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கமா இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"அடக்க முடியலைன்னீங்க?"

அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போன மாசம் உங்கப்பா படகு ஓரமா நின்னு ஒண்ணுக்குப் போயிட்டிருந்தார். ஒரு அலை வந்தது. பெல்ட்டைப் பிடிச்சு இழுத்து உள்ள போட்டேன். இல்லேன்னா அன்னிக்கே..."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா சொல்லவே இல்லையே!"

"சொல்வாரா? அதுலேர்ந்து படகுல ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல. வெயில்ல உதடு வெடிச்சுப்போய் உக்காந்திருப்பார். கேட்டா, தாகமே இல்லைம்பார். சிறுநீரகத்துல கல்லை வச்சுக்கிட்டு! 'உங்களுக்காக ஒண்ணு வாங்கலாம் மாமா'ன்னா, படகையே வித்துடுங்கன்னு சொல்லிடுவார்."

"இப்ப குடிக்கறாரா?"

"நேத்து முழு பாட்டிலும் காலி. அவர் திரைக்குள்ள போனப்பல்லாம், நான் கடல் பக்கம் திரும்பி உரக்கப் பாட ஆரம்பிச்சுட்டேன்."

"நீங்க?"

"நான் அதுல இன்னும் உக்காந்ததே இல்ல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டாக்டருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டு, நேரே அப்பாவின் அறைக்குப் போனாள். அவர் கிழிந்த பாய்த்துணி ஒன்றை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். தயவுசெஞ்சு இனிமே அவரைக் கிண்டல் பண்ணாதீங்க."

அவர் ஊசியை நிறுத்தி மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நிறுத்தினா, அது யாருக்காக வாங்கினதுன்னு எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுபோயிடுமேம்மா. பாவம், மனுஷன் எனக்காக எவ்வளவு பொய் சொல்லியிருக்கார்!"