மறதிக்காரி

“மறுபடியுமா? கார் சாவியை எங்கதாம்மா வச்சே?”

லீவுக்கு வந்திருந்த மகன் குரலை உயர்த்தினான். அம்மா அலமாரியைத் திறந்து, திறந்த வேகத்தில் மூடினாள்.

“ஞாபகம் இல்லடா.”

கிளம்பி நின்ற அப்பா சலித்துக்கொண்டார். காலமெல்லாம் லாரி ஓட்டியவர். “பார்க்கின்சன் நடுக்கம் வந்தது எனக்கு. மூளை மழுங்கினது உங்கம்மாவுக்கு.”

அம்மாவுக்கும் ஏதோ வந்துவிட்டதோ என்று மகன் பயந்தான். அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கும் நரம்பு டாக்டரிடமே அம்மாவையும் கூட்டிப்போனான். மூளைக்குள் ரத்தம் எங்கே நன்றாக ஓடுகிறது, எங்கே குறைகிறது என்று காட்டும் ஸ்கேனை எடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அம்மா மறுபேச்சில்லாமல் ஊசி போட்டுக்கொண்டு, மிஷினுக்குள் அசையாமல் படுத்தாள்.

மறுநாள் அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு இருவரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

“ரத்த ஓட்டத்துல குறையே இல்ல. கேள்வி கேட்டுப் பார்த்ததிலயும் தெளிவா இருக்காங்க,” என்றார் டாக்டர்.

“அப்புறம் ஏன் எல்லாத்தையும் மறக்கிறாங்க?”

“எல்லாத்தையுமா?”

மகன் யோசித்தான். அப்பாவின் மாத்திரை வேளை, அடுப்பு, பேத்தியின் பிறந்தநாள். அம்மா ஒன்றைக்கூட விட்டதில்லை.

“சாவியை மட்டும்தான்...” என்று இழுத்தான்.

அம்மா டாக்டரைப் பார்த்தாள். “அவர் ஸ்கேன்ல மூளையோட பின்பக்கத்துக்கு ரத்தம் குறைவா போகுது, தூரம் சரியா தெரியாது, வண்டி ஓட்டவிடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. மென்னு முழுங்கி அவர்கிட்ட சொன்னேன். காதுலயே வாங்கல. மறுநாளே எடுத்துட்டுப் போய் வாசல் கேட்டை இடிச்சார். தெருப் பிள்ளைங்க விளையாடுற இடம் அது.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீ நேரா அவர்கிட்ட கேட்டுடுவே. உங்களால இனிமே ஓட்ட முடியாதுன்னு பெத்த பிள்ளை சொன்னா மனுஷன் உடைஞ்சுபோயிடுவார்டா. எனக்கு மறதின்னே இருந்துட்டுப் போகட்டும்.”

வெளியே வந்தார்கள். அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “என்னடா சொன்னார்?” குரலில் கேலி இல்லை.

மகன் அம்மாவை ஒருமுறை பார்த்தான். “மறதிதான்பா. சாவியெல்லாம் இனிமே இப்படித்தான் தொலையும்.”

அப்பா நடுங்கும் கையால் அம்மாவின் தோளைத் தொட்டார்.

“அவளை இனிமே திட்டாதே. சாவி போனா போகட்டும், நாங்க பஸ்ல போய்க்கிறோம்.”